கீழ்ச்சுழிக்கு வந்த பேர்

அலுவலகத்தில் அவளுக்குப் புள்ளியம்மா என்று பேர். ஒரு புள்ளியைக்கூடச் சும்மா விடமாட்டாள் என்பதால் யாரோ எப்போதோ வைத்தது. வைத்தவர் வேலையை விட்டுப் போயும் பேர் போகவில்லை. அவளுக்கும் அதில் வருத்தம் கிடையாது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

புரூஃப் பார்ப்பதுதான் அவள் தொழில். கல்யாணத்துக்கு முன்பு டெலிபோன் டைரக்டரி அச்சடிக்கும் இடத்தில் ஆரம்பித்தது. நாள் முழுக்க அடுத்தவர் பேரும் எண்ணுமாகப் படித்துப் படித்து, வீட்டுக்கு வந்தால் சொந்த அம்மாவின் முகத்தைக்கூட எழுத்துக் கூட்டிப் பார்ப்பவள்போல் பார்ப்பாள் என்று அக்காள்கள் கேலி செய்வார்கள். பிறகு மருந்துக் கம்பெனிக்கு லேபிள் அடிக்கும் அச்சகம். அங்கே ஒரு லேபிளில் புள்ளி இடம் மாறி மருந்தின் அளவு பத்து மடங்காகியிருந்தது. அச்சுக்குப் போகிற கடைசி நேரத்தில் பிடித்துவிட்டாள். முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்து அவளைப் பாராட்டினார். அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு அவள் பல வருஷம் ஓட்டினாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஹோட்டலுக்குப் போனால் விலைப்பட்டியலில் பிழை கண்டுபிடிக்காமல் சாப்பிட உட்காரமாட்டாள். மகன் விடுதியிலிருந்து எழுதிய முதல் கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்தி அவனுக்கே திருப்பி அனுப்பினாள். அதோடு அவன் கடிதம் எழுதுவதை விட்டுவிட்டான். எதுவானாலும் போன்தான்.

மகன் வேலைக்குப் போய் வீடு காலியான பிறகு, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இந்த அலுவலகத்தில் சேர்ந்தாள். பேட்டரிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. படிக்கட்டு முழுக்க அமிலவாடை. மேலே நீளமான ஒரு கூடம், ஜன்னலோரமாக வரிசையாக டைப் அடிக்கிறவர்கள், கூடத்தின் கோடியில் கண்ணாடி வைத்துத் தடுத்த சின்ன அறை அவளுக்கு. முன்பு அது காகிதக்கட்டு அடுக்குகிற இடமாக இருந்தது. மின்விசிறி சுற்றும்போது தலையை ஆட்டிக்கொண்டே சுற்றும். பழைய ஆவணங்களையும் பழைய எழுத்துமுறைகளையும் கணினிக்குள் கொண்டுவருவதுதான் அந்த அலுவலகத்தின் வேலை.

அப்படி அவர்களிடம் வந்த வேலைகளில் ஒன்று ஒரு சுருக்கெழுத்து. நூறு வருஷத்துக்கும் முன்னால், சபைகளில் பேசுவதைப் பேச்சின் வேகத்துக்கே எழுதிக்கொள்ள யாரோ ஒருவர் உண்டாக்கியது. எல்லாம் கோடும் வளைவும் சுழியும்தான். அதில் எழுதிய சபைக் குறிப்புகள் ஆவணக் காப்பகத்தில் அலமாரி அலமாரியாகக் கிடக்கின்றன. அந்த எழுத்துகளுக்கு வேறு யாரோ சில வருஷம் முன்பே உலகக் குறியீட்டு அட்டவணையில் ஆளுக்கொரு எண் வாங்கிவிட்டார்கள். எண் கிடைத்தால்தான் கணினி ஓர் எழுத்தை எழுத்து என்று மதிக்கும். இல்லாவிட்டால் அது வெறும் படம்.

ஆனால் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள். வில் மாதிரி ஒரு வளைவு, வாலில் ஒரு குட்டிச் சுழி. சுழி மேலே இருந்தால் சபை ஏற்றுக்கொண்டது என்று பொருள். கீழே இருந்தால் ஏற்கவில்லை என்று பொருள். முதலில் அட்டவணை போட்டவர்கள் இரண்டும் ஒன்றுதான், எழுதுகிறவர் கைப்பழக்கம் என்று நினைத்து மேல்சுழிக்கு மட்டும் எண் வாங்கியிருந்தார்கள். அதனால் அந்தக் காலத்துச் சபை மறுத்ததெல்லாம் கணினியில் சம்மதமாக மாறிப்போயிருந்தது. ஆராய்ச்சி செய்கிறவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். கீழ்ச்சுழிக்கும் ஓர் எண் வாங்கித் தரவேண்டும் என்பதுதான் இவர்களுக்கு வந்த வேலை. ஒரே ஓர் எழுத்து.

எழுத்தின் உருவத்தை வரைந்தது ஃபான்ட் தம்பி. கூடத்தில் எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். விண்ணப்பத்தை டைப் செய்தது சிட்டு. அவள் விரல்கள் பறக்கிற வேகத்தைப் பார்த்து வைத்த பேர் அது. கைக்குழந்தையோடு வேலைக்குச் சேர்ந்தவள், இப்போது அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிற பெண். புரூஃப் பார்த்தது புள்ளியம்மா.

எழுத்தின் பேரை ஆங்கில எழுத்துகளில் கொடுக்க வேண்டும் என்பது அட்டவணைக் குழுவின் விதி. சிட்டு ‘கீழ்ச்சுழி’ என்பதை, கீ நெடில் என்பதால் இரண்டு ‘ஐ’ போட்டு, ழகரத்துக்குப் புள்ளி என்பதால் பின்னால் உயிரெழுத்து எதுவும் போடாமல், சரியாகத்தான் அடித்திருந்தாள். புள்ளியம்மாவின் கண் அந்த இரண்டு ‘ஐ’யில் போய் நின்றது. சிட்டுவின் கீபோர்டில் அந்தச் சாவி ஒட்டிக்கொள்ளும். சில நாள் ஒன்றுக்கு இரண்டாக விழும். போன வாரம்கூட அதற்காகத் திட்டியிருந்தாள். ‘மறுபடியும் ஆரம்பிச்சுட்டா’ என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரு ‘ஐ’யை வெட்டினாள். பிறகு வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்த்தாள். மெய்யெழுத்தாக வரிசை கட்டி நிற்பதுபோல் நாக்கில் தடுக்கியது. கீழ, மேல என்று பேசுகிற பழக்கத்தில் நடுவில் ஒரு ‘ஏ’யைச் செருகினாள். அவள் காதுக்கு அது ‘கீழச்சுழி’ என்று கேட்டது. யாரையும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமே அவளுக்குக் கிடையாது. சிவப்பு மையில் குறித்த தாள் சிட்டுவிடம் போனது. சிட்டு திருத்தத்தை அப்படியே அடித்துக் கொடுத்தாள். புள்ளியம்மா கை வைத்ததைச் சரியா என்று பார்க்கிறவர் அந்தக் கூடத்தில் யார் இருக்கிறார்கள்?

விண்ணப்பம் போய், குழு கூடி, மறுபடி கூடி, ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. கடைசியில் எழுத்து அட்டவணையில் ஏறிவிட்டது என்று செய்தி வந்த அன்று மேலாளர் எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தார். கூடத்தில் நின்றபடியே குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ஃபான்ட் தம்பியின் திரையில் அந்த மெயில் வந்து விழுந்தது.

“சார், ஒரு ஆராய்ச்சி பண்ற அம்மா எழுதியிருக்காங்க. எழுத்து வந்ததுல ரொம்ப சந்தோஷமாம். ஆனா...” அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். “இதுக்கு ஏன் கிழச்சுழின்னு பேர் வெச்சீங்க, கிழவங்க மட்டும்தான் எழுதுவாங்களான்னு கேக்கறாங்க.”

“கிழச்சுழியா? கீழ்ச்சுழிதானே?” மேலாளர் குனிந்து திரையைப் பார்த்தார். “ஐயய்யோ. ஒரு ஐ குறையுதே. நடுவுல ஒரு ஏ வேற. சரி, மாத்திடலாம்ல?”

“மாத்த முடியாது சார். எண்ணும் பேரும் ஒரு தடவை வெளிய வந்துட்டா வந்ததுதான். உலகத்துல இருக்கற மெஷின் எல்லாம் அதை வெச்சுத்தான் எழுத்தை அடையாளம் கண்டுபிடிக்கும். அழிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது.”

“எவ்வளவு நாளைக்கு?”

“கம்ப்யூட்டர்னு ஒண்ணு இருக்கறவரைக்கும்.”

கூடமே சிரித்தது. மேலாளரும் சிரித்துவிட்டார். “இந்தக் கிழவனைப் பெத்தது யாருப்பா? யாரு டைப் பண்ணது?”

சிட்டு டீ டம்ளரைக் கீழே வைத்தாள். “நான்தான் சார். அடிச்சு வருஷம் தாண்டிப்போச்சு, சரியா ஞாபகம் இல்ல. அந்த ஐ சாவி எப்பவும் தகராறு. கவனிக்காம விட்டுட்டேன்போல.”

“புள்ளியம்மா கண்ணுலயே மண்ணைத் தூவிட்டியே, கெட்டிக்காரிதான் நீ!” என்றார் மேலாளர். பிறகு புள்ளியம்மாவின் பக்கம் திரும்பி, “விடுங்கம்மா, அவ்வளவு கட்டுல ஒண்ணு தப்பத்தான் செய்யும்” என்றார்.

புள்ளியம்மாவுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. தன் கை போன போக்கு, சிவப்புக் கோடு, செருகல் குறி, ‘மறுபடியும் ஆரம்பிச்சுட்டா’ என்று தான் முணுமுணுத்தது, எல்லாம் கண்முன் வந்தது. வாயைத் திறந்தாள். டீ சூடாக இருந்தது. ஒரு வாய் குடித்தாள். அப்புறம் மேலாளரைப் பார்த்துச் சிரித்தாள். எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள். பின்னாளில் அவளுக்கு வேறு எதைவிடவும் அந்தச் சிரிப்புத்தான் தாங்க முடியாததாக இருந்தது.

சாயங்காலம் கை கழுவுகிற இடத்தில் சிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். கண் சிவந்திருந்தது.

“அக்கா, உங்க பேரையும் சேர்த்துக் கெடுத்துட்டேன். இத்தனை வருஷமா ஒரு தப்பு போனதில்ல உங்க கையால. என்னால போச்சு. மன்னிச்சிடுங்கக்கா.”

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. புள்ளியம்மா அதை மூடினாள். “விடு” என்றாள். “போய் முகத்தைக் கழுவு.”

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உறுதியாக என்ன தெரியும்? அந்தத் தாளைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? அந்தத் தாள் பழைய பேப்பரோடு எப்போதோ எடைக்குப் போயிருக்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். பார்க்க முடியாத தாள் என்பதுதான் அவளுக்கு வசதியாகவும் இருந்தது.

கணவர் மின்சார மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சோறாக்குவதும் துணி தேய்ப்பதும் இப்போது அவர் பொறுப்பு. “என்னம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கு?” என்றார். அவள் சொன்னாள். எழுத்து வந்தது, பேர் கிழச்சுழி ஆனது, டைப் பண்ணின பெண்ணை எல்லோரும் கேலி செய்தது என்று, நடந்ததைத்தான் சொன்னாள், தன்னை மட்டும் அதில் விட்டுவிட்டு. அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அப்போதே மகனுக்குப் போன் போட்டு அவனுக்கும் சொன்னார். போனுக்குள்ளிருந்து மகன் சிரிப்பது அடுப்படிவரை கேட்டது. மறுநாள் காலை நடக்கப் போகிற இடத்தில் தன் கூட்டாளிகளிடமும் சொல்லிவிட்டு வந்து, எல்லோரும் எப்படிச் சிரித்தார்கள் என்று நடித்துக் காட்டினார்.

அலுவலகத்தில் சிட்டு என்ற பேர் மெல்ல மறைந்து கிழச்சுழி வந்தது. “ஏய் கிழச்சுழி, அந்த ஸ்டேப்ளரைக் குடு.” “கிழச்சுழி இன்னிக்கு லீவா?” யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளும் சிரித்துக்கொண்டேதான் திரும்பிப் பார்த்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மேலாளர் புள்ளியம்மாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இன்னொரு புரூஃப் ரீடர் வேண்டும் என்று அவளே பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சிட்டுவுக்கு அதில் ஆசை உண்டு. மத்தியான வேளைகளில் புள்ளியம்மா பார்த்து முடித்த தாள்களை வாங்கி வைத்துப் படித்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

“சிட்டுவைத்தான் போடலாம்னு இருந்தேன்” என்றார் மேலாளர். “இப்ப இந்தக் கூத்து ஆகிப்போச்சு. நீங்க என்ன சொல்றீங்க?”

உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. கதவு சாத்தியிருந்தது. ஆள் யாரும் இல்லை. புள்ளியம்மா “கொஞ்ச நாள் போகட்டும் சார்” என்றாள்.

வெளியே வந்து தன் கண்ணாடி அறையில் உட்கார்ந்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. வாயை மூடிக்கொண்டிருந்தது ஒன்று. இது வேறு. அந்தப் பெண்ணின் தலையில் பழியைப் போட்டது போதாதென்று, காலையும் அல்லவா வாரிவிட்டிருக்கிறாள்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. ஆனாலும் எழுந்து போய்த் திருத்திச் சொல்ல முடியவில்லை. அடுத்தவர் தப்பைத் திருத்த ஒருநாளும் தயங்காத கால்கள் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டன.

பரிகாரம்போல ஒன்று செய்தாள். மேலாளரிடம் சண்டை போட்டுச் சிட்டுவுக்குப் புது கீபோர்டு வாங்கிக் கொடுக்க வைத்தாள். சிட்டு கண்ணாடி அறைக்கு வந்து, “எனக்காகப் போய்ப் பேசினீங்களாமே அக்கா. என் கூடப் பிறந்தவங்ககூட இப்படிச் செய்யமாட்டாங்க” என்றாள். புள்ளியம்மா தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

புது கீபோர்டு வந்தும் சிட்டுவின் விரல்கள் பறக்கவில்லை. அதைத்தான் புள்ளியம்மா கண்ணாடி வழியாகத் தினம் பார்க்க வேண்டியிருந்தது. முன்பெல்லாம் தாளை மட்டும் பார்த்துக்கொண்டு கை தன்பாட்டுக்குப் போகிறவள், இப்போது ஒவ்வொரு சாவியாகக் குனிந்து பார்த்து அடித்தாள். ஒரு வரி அடித்ததும் நிறுத்தி, திரையில் விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். மறுபடியும் படித்தாள். பக்கத்து இடத்துக்காரி இரண்டு பக்கம் முடிக்கும்போது இவள் முதல் பக்கத்தின் பாதியில் இருந்தாள். அட்டவணை வேலைகளை அவளிடமிருந்து வாங்கி, உறைகளுக்கு விலாசம் அடிக்கிற வேலையைக் கொடுத்தார்கள்.

ஒருநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சிட்டு சொன்னாள்: “நேத்து என் பொண்ணு ஹோம்வொர்க்ல தப்பு பண்ணியிருந்தா. ஏண்டி, பார்த்து எழுத மாட்டியான்னு ஒரு சத்தம் போட்டேன். ‘நீ முதல்ல உன்னைப் பாரு கிழச்சுழி’ங்கறா. யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னே தெரியல.” எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் கை டிபன் டப்பாவுக்குள் போகவில்லை. மூடியைப் போட்டு மூடிவிட்டு எழுந்து போனாள்.

அன்று சாயங்காலம் கணவர் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். புள்ளியம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்கதவில் சாய்ந்து நின்றாள்.

“ஏங்க, அந்தக் கிழச்சுழி இருக்கில்ல. அது நான்.”

“நீ எங்க கிழவி? தலைக்குச் சாயம் அடிச்சா இன்னும் பத்து வருஷம் ஓட்டலாம்” என்றார் அவர், நிமிராமலே.

“விளையாடாதீங்க. அந்தத் தப்பு நான் பண்ணது. அவ சரியாத்தான் அடிச்சிருந்தா. நான்தான் திருத்துறேன்னு கெடுத்தேன். எல்லாரும் அவளைச் சொன்னப்ப நான் சும்மா நின்னுட்டேன்.” புரூஃப் ரீடர் வேலையைப் பற்றி மேலாளர் கேட்டதையும் அதற்குத் தான் சொன்ன பதிலையும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “அந்தப் பொண்ணை வெச்சு நான் ஊரெல்லாம் சிரிச்சிட்டு வந்திருக்கேனே” என்றார். அவர் முகம் சுருங்கிப்போயிருந்தது. தன் வெட்கத்தில் பாதியை அவர்மேலும் இறக்கி வைத்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. “போய்ச் சொல்லிடும்மா” என்றார்.

மறுநாள் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. சொல்லிவிட்டாயா என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் முகத்தை ஒரு தடவை பார்ப்பார், டீ போடப் போய்விடுவார். கேட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

ஒருவழியாக மேலாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இப்ப எதுக்கு இதைக் கிளர்றீங்க? ஆறிப்போன விஷயம்.”

“அவளை இன்னும் அப்படித்தானே சார் கூப்பிடறாங்க.”

“செல்லமா கூப்பிடறாங்கம்மா. இங்க பாருங்க. டைப் அடிக்கிற பொண்ணு தப்பு பண்ணா, யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. புரூஃப் ரீடரே சரியா இருந்ததைத் தப்பாக்கினாங்கன்னு வெளிய தெரிஞ்சா நமக்கு யார் வேலை குடுப்பாங்க? உங்க மனசுல இருந்துச்சு, என்கிட்ட இறக்கி வெச்சுட்டீங்க. இதோட விடுங்க.”

அவள் வெளியே வந்தாள். முதலில் வந்தது நிம்மதிதான். மேலிடத்திலேயே சொல்லியாயிற்று, இனி தன்மேல் குற்றமில்லை என்று படியிறங்கும்போது உடம்பே லேசாக இருந்தது. சிட்டு அவளுக்கு முன்னால் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தாள். அவள் பின்கழுத்தையும் சின்னக் கொண்டையையும் பார்த்ததும் அந்த லேசு அத்தனையும் அருவருப்பாகிவிட்டது.

“சிட்டு, நில்லு.”

பேட்டரிக் கடைக்காரர் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் ஓயும்வரை இருவரும் படியில் நின்றார்கள். பிறகு புள்ளியம்மா சொன்னாள். மென்று முழுங்கித்தான் சொன்னாள். ஒரே வாக்கியத்தை இரண்டு தடவை ஆரம்பித்தாள்.

சிட்டு கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

“நான் அடிச்சது சரியாத்தான் இருந்துச்சா?”

“சரியாத்தான் இருந்துச்சு.”

“அப்ப என் கையில ஒண்ணும் கோளாறு இல்ல.”

“இல்ல.”

“டாக்டர்கிட்டகூடப் போனேன், தெரியுமா? கண்ணுல ஏதாச்சும் இருக்குமோன்னு. அன்னிக்கு உங்ககிட்ட வந்து மன்னிப்பு கேட்டேனே. விடுன்னீங்களே. எதை விடச் சொன்னீங்க?”

புள்ளியம்மா படியைப் பார்த்தாள்.

“கீபோர்டு வேற வாங்கிக் குடுத்தீங்க.”

“தப்புதான். பண்ணது எல்லாமே தப்பு.”

“என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனா எப்படி? என்னை அப்படிக் கூப்பிடறவங்க எல்லாம் மேலதானே உக்காந்திருக்காங்க.” சொல்லிவிட்டுச் சிட்டு இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் புள்ளியம்மா கூடத்தின் நடுவில் போய் நின்றாள். “ஒரு நிமிஷம்” என்றாள். சாவிகளின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஒருத்தி காதில் எதையோ மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை சொன்னபோது தன் குரலே தனக்கு அந்நியமாகக் கீச்சென்று கேட்டது. ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

“கீழ்ச்சுழி எழுத்தோட பேர் தப்பானது சிட்டுவால இல்ல. அவ சரியா அடிச்சிருந்தா. நான்தான் ஒரு ஐயை எடுத்துட்டு ஒரு ஏயைச் சேர்த்தேன். அன்னிக்கே எனக்குத் தெரியும். சொல்லல.”

பழக்கதோஷத்தில் ஒருவன் சிரித்துவிட்டான். “அப்ப கிழச்சுழி நீங்கதானா?” கேட்ட பிறகுதான் அவனுக்கே சங்கடமாகிவிட்டது. ஃபான்ட் தம்பி மேஜையைப் பார்த்தான். சிட்டு மட்டும் தலை நிமிரவில்லை. விலாசம் அடித்துக்கொண்டே இருந்தாள்.

“இன்னொண்ணு” என்றாள் புள்ளியம்மா. இதைச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்து வரவில்லை. “சிட்டுவைப் புரூஃப் பார்க்கப் போடலாமான்னு சார் கேட்டாரு. கொஞ்ச நாள் போகட்டும்னு சொன்னதும் நான்தான்.”

சாவிச் சத்தம் நின்றது. சிட்டு திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. யாரோ தெரியாத ஆள் ஒருத்தி கூடத்துக்குள் வந்து நிற்பதைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். புள்ளியம்மா கூனிக் குறுகித் தன் அறைக்கு நடந்தாள். அந்தக் கண்ணாடித் தடுப்பு அன்றைக்குப் பார்த்துச் சுவராக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

மேலாளர் சில வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலையை விட்டுவிடுகிறேன் என்று போய் நின்றாள். “ஊரைக் கூட்டிச் சொல்லிட்டு இப்ப ஓடப் பாக்கறீங்களா? ஆள் யாரு இருக்கா? போய் வேலையைப் பாருங்க” என்று அனுப்பிவிட்டார்.

ஃபான்ட் தம்பிதான் ஒரு வழி சொன்னான். பேரை மாற்ற முடியாது, ஆனால் பேர் பிழையானது, சரியான பேர் இது என்று பக்கத்தில் ஒரு திருத்தப் பேர் சேர்க்கச் சொல்லிக் குழுவிடம் கேட்கலாம். இருவரும் உட்கார்ந்து எழுதினார்கள். பிழை டைப் செய்தவருடையது அல்ல, மெய்ப்புப் பார்த்தவருடையது என்று ஒரு வரியைப் புள்ளியம்மா பிடிவாதமாகச் சேர்த்தாள். சிட்டுவின் பேர் எங்காவது ஓர் இடத்திலாவது எழுத்தில் சுத்தமாக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. குழு திருத்தப் பேரை ஏற்றுக்கொண்டது. அந்த வரியை எடுத்துவிட்டது. யார் தப்பு என்று எழுத அட்டவணையில் இடம் கிடையாதாம். இப்போது அட்டவணையைத் திறந்தால் பெரிய எழுத்தில் தப்பும், அதன் அடியில் பொடி எழுத்தில் சரியும் இருக்கிறது.

சிட்டுவைப் புரூஃப் பார்க்கப் போட்டார்கள். கண்ணாடி அறையில் இன்னொரு மேஜைக்கு இடம் இருந்தது. வேண்டாம், வெளியிலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்று சிட்டு சொல்லிவிட்டாள். அக்கா என்று கூப்பிடுவது நின்றுபோய் மேடம் ஆனது. வேலை சம்பந்தமாக என்ன கேட்டாலும் பதில் சொல்வாள், மரியாதைக்குக் குறைவே இல்லை. புள்ளியம்மா அதற்குமேல் எதையும் எதிர்பார்க்கத் தனக்கு வாய் இல்லை என்று இருந்துகொண்டாள். யாராவது பழைய ஞாபகத்தில் சிட்டுவை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டால், “அது அவ இல்ல, நான்” என்று அறைக்குள்ளிருந்தே குரல் கொடுப்பாள். ஒவ்வொரு முறையும் அவளுக்குக் காது மடல் சுடும். சொல்லச் சொல்ல லேசாகும் என்றார் கணவர். அவர் தன் நடைக் கூட்டாளிகள் ஒவ்வொருவரிடமும் போய்க் கதையைத் திருத்திச் சொல்லியிருந்தார். அவர்கள் அதற்கும் சிரித்தார்களாம்.

ஒருநாள் அந்த மெயில் எழுதிய ஆராய்ச்சியாளரே நேரில் வந்தார். நரைத்த தலையும் உரத்த குரலுமாக, கலகலவென்று பேசுகிற பெண்மணி. எழுத்து வந்த பிறகு சபைக் குறிப்புகளில் மறுப்பெல்லாம் மறுப்பாகவே கிடைக்கிறது, பெரிய உபகாரம் என்றார். “எனக்கென்னவோ அந்தக் கிழச்சுழிங்கற பேரே ரொம்பப் புடிச்சுப்போச்சுங்க. யாரு வெச்சது?”

கூடத்தில் எல்லோரும் திரைகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். புள்ளியம்மா எழுந்து கண்ணாடிக் கதவருகே வந்தாள்.

“நான்தாங்க. தப்பா வெச்சது. டைப் பண்ணவங்க சரியாத்தான் குடுத்திருந்தாங்க.”

“அட, நல்ல தப்புங்க!” என்று அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

புள்ளியம்மாவால் சிரிக்க முடியவில்லை. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். கண் தாளில் இருந்தது, எழுத்து எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் சிட்டு உள்ளே வந்து, புள்ளியம்மா காலையில் பார்த்து அனுப்பியிருந்த பக்கத்தை மேஜையில் வைத்தாள்.

“மேடம், இந்த வரியில நீங்க திருத்தினது சரியா வரல. பழையபடியே இருக்கட்டுமா?”

புள்ளியம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். இன்னொரு தடவையும் படித்தாள். சிட்டு சொன்னது சரிதான்.

“பழையபடியே இருக்கட்டும்” என்றாள். தன் சிவப்பு மையின்மேல் தானே ஒரு கோடு இழுத்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். சிட்டு வாங்கிக்கொண்டு போனாள்.